லத்தீனா மார்க்கெட்டிங் தலைவர்களின் வழி: வேலைக்கு வரும் இளம்பெண்கள் அதில் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மார்க்கெட்டிங் துறையில் உயர்ந்த லத்தீனாக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள், எந்த மதிப்புகளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள்? புதிதாக வேலைக்கு வரும் பெண் அதை எப்படிச் செயலில் கொண்டுவருவது? "உன்னை நம்பு" என்ற அளவில் நிற்காமல் விவரமாகச் சொல்ல முடியுமா?

முடியும். முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். லத்தீனா பெண்ணிடம் ஒரு தொழிலறிவு வீட்டிலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் வாழும் ஆறு கோடிக்கு மேற்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் என்ன சமைக்கிறார்கள், யாரைக் கேட்டுப் பொருள் வாங்குகிறார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எதைக் கண்டால் மனம் கோணுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். துறையில் மேலே போன பெண்கள் இந்த அறிவை எண்ணாக மாற்றி, தங்கள் பெயரில் பதியவைத்து, அதற்கான கூலியைக் கேட்டு வாங்கினார்கள். திறமை இருந்தும் நடுவிலேயே தேங்கிப்போகிறவர்கள் பெரும்பாலும் அதே அறிவை அலுவலகத்துக்கு ஓர் உதவிபோலக் கொடுத்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

இந்தச் சந்தை இன்று கண்ணுக்குத் தெரிகிறது. எப்போதும் அப்படி இல்லை. ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் என்பார்கள், லத்தீனோ என்ற சொல்லும் ஏறக்குறைய அதே மக்களைக் குறிக்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "நீங்கள் ஹிஸ்பானிக் வழியினரா" என்ற கேள்வி 1970-இல் ஒரு மாதிரிப் பகுதியினரிடம் மட்டுமே கேட்கப்பட்டது. எல்லோரிடமும் கேட்டது 1980-இல்தான். 2020 கணக்கெடுப்பில் அவர்கள் 6.21 கோடி பேர், நாட்டு மக்களில் 18.7 விழுக்காடு. எண்ணிக்கையே சரியாக இல்லாத காலத்தில் "இவர்களுக்குத் தனியாக விளம்பரம் செய்யுங்கள், அதற்குப் பணம் ஒதுக்குங்கள்" என்று நிறுவனங்களிடம் கேட்டவர்களில் தேரே சுபிசரெத்தா ஒருவர். ஹவானாவில் பிறந்து, 1960-இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் மயாமிக்கு வந்தவர். விளம்பர ஏஜென்சியில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்து படிப்படியாகத் தொழிலைக் கற்று, 1976-இல் சுபி அட்வர்டைசிங் என்ற சொந்த ஏஜென்சியைத் தொடங்கினார். ஃபோர்டு போன்ற பெரிய நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்களாயின. அவர் 2007-இல் மறைந்த பிறகு பிள்ளைகள் ஏஜென்சியை நடத்தினார்கள். 2017-இல் டபிள்யூ.பி.பி. என்ற உலகளாவிய விளம்பரக் குழுமம் அதை வாங்கியது. ஸ்பானிஷ் தொலைக்காட்சியான யூனிவிஷன் அந்தப் பெயரை எடுத்ததும் டெலிமுண்டோ தொடங்கியதும் 1987-இல். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே அவர் கடை திறந்துவிட்டார்.

வீட்டறிவு தொழிலறிவாக மாறுவதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு கலிஃபோர்னியாவின் பால் விளம்பரம். 1993 அக்டோபரில் அந்த மாநிலத்துப் பால் பதப்படுத்துவோர் வாரியம் "காட் மில்க்?" (பால் இருக்கிறதா?) என்ற விளம்பர வரிசையைத் தொடங்கியது. வாய் நிறைய பிஸ்கட்டோ கேக்கோ இருக்கும், குடிக்கப் பால் இருக்காது, அந்தத் தவிப்புதான் நகைச்சுவை. பெரும் வெற்றி. அதையே ஸ்பானிஷிலும் எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சொந்த ஏஜென்சி நடத்திவந்த அனிதா சாண்டியாகோ கூடாது என்றார். வீட்டில் பால் தீர்ந்துபோவது லத்தீனா தாய்க்குச் சிரிப்பு வரவழைக்காது, குடும்பத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம் என்ற குற்ற உணர்வைத்தான் தரும் என்பது அவர் வாதம். அவர் எடுத்த விளம்பரங்களில் பாட்டியும் அம்மாவும் மகளும் அடுப்படியில் பால் பலகாரம் செய்தார்கள். குடும்பம், அன்பு, பால் என்ற மூன்றும்தான் அதன் முழக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் எதை மறுத்தார் என்பதை. வாடிக்கையாளரின் மிக வெற்றிகரமான யோசனையையே மறுத்தார், கையில் மாற்றையும் வைத்துக்கொண்டு மறுத்தார். "எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒருத்தியின் கருத்தாக நின்றுவிடும். பால் வாங்குவது யார், எந்தப் பலகாரத்துக்கு எவ்வளவு பால் போகிறது, வாங்கும் நேரத்தில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று பொருளின் பயன்பாட்டோடு பிணைக்கும்போதுதான் அது மார்க்கெட்டிங் வாதமாகிறது. இளம்பெண்கள் கூட்டத்தில் பேசுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பழக வேண்டும். வாங்குபவர் யார், இப்போது என்ன செய்கிறார், நம் விளம்பரம் அவரிடம் எங்கே இடறுகிறது, மாற்றாக எதைச் செய்யலாம். இதைக் கூட்டத்துக்கு முதல்நாள் தன் பெயரும் தேதியும் போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன யோசனை, இரண்டு வாரத்தில் யாருடைய யோசனை என்பது தெரியாமல் போய்விடும். முன்கூட்டி அனுப்பிய தாள் அப்படித் தொலையாது.

மெக்சிகோ வழிக் குடும்பங்களில் பெண்குழந்தைகள் கேட்டு வளரும் ஒரு பழமொழி உண்டு: வாயை மூடியிருந்தால்தான் நீ அழகு. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளாதே, உழைத்தால் தானாகவே கவனிப்பார்கள் என்பதும் அதே வரிசை. இந்த வளர்ப்பை மொத்தமாக உதறச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. மரியாதை, குழுவுக்காகப் பாடுபடுவது, சொன்ன சொல்லைக் காப்பது எல்லாம் வாடிக்கையாளரோடு நெடுநாள் உறவு வைக்க வேண்டிய தொழிலில் பெரும் பலம். பிரச்சினை ஓரிடத்தில்தான் வருகிறது: செய்த வேலையை மேலே யாரும் பார்க்கவில்லை என்றால் அது சம்பள உயர்வுக் கணக்கில் சேராது. அதற்குத் தற்பெருமை தேவையில்லை, பதிவு போதும். வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் முடித்த வேலை, அதன் எண், யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று மூன்று வரி எழுதிவைத்தால் ஆண்டு இறுதியில் ஐம்பது பதிவுகள் இருக்கும். அவற்றில் வலுவான ஆறை எடுத்து, மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே மேலாளரிடம் கொடுக்க வேண்டும். கூட்டத்தன்று கொடுப்பது வீண். பெரும்பாலான நிறுவனங்களில் உயர்வுக்கான பணம் அதற்கு முன்பே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். ஹிஸ்பானிக் சந்தைக்கான பட்ஜெட் பல நிறுவனங்களில் தனி வரியாக வைக்கப்படுகிறது. வருமானம் குறையும் காலாண்டில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான். அந்தச் செலவு என்ன விற்பனையைக் கொண்டுவந்தது என்பதை யாரும் பிரித்துக் காட்டியிருக்கமாட்டார்கள், வெட்டினால் வலிப்பது யாருக்கும் தெரியாது, அதனால் வெட்டுவார்கள். பிரித்துக் காட்டத் தெரிந்த இளம் ஊழியருக்கு அங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது.

வழி கடினமானதல்ல. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் அதிகமுள்ள இரண்டு சந்தைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரெஸ்னோ–விசாலியா, எல் பாசோ, சான் அந்தோனியோ, டெக்சாஸின் தெற்கு முனையிலுள்ள மெக்காலென்–ப்ரவுன்ஸ்வில் போன்ற ஊர்கள் இதற்கு ஏற்றவை. ஒன்றில் விளம்பரம் ஓடும், மற்றொன்றில் ஓடாது. கற்பனைக் கணக்கு ஒன்று: தொடங்குவதற்கு முந்தைய எட்டு வாரங்களில் முதல் ஊரில் வாரத்துக்கு 10,000 பொட்டலங்கள், இரண்டாவதில் 8,000 விற்றன. விளம்பரம் ஓடிய எட்டு வாரங்களில் முதல் ஊரில் 11,500, இரண்டாவதில் 8,400. விளம்பரமே இல்லாத ஊரிலும் 5 விழுக்காடு கூடியிருக்கிறது, ஆகவே முதல் ஊரில் எப்படியும் 10,500 விற்றிருக்கும். விளம்பரத்தின் பங்கு வாரத்துக்கு 1,000, எட்டு வாரத்துக்கு 8,000. பொட்டலத்துக்கு இரண்டரை டாலர் லாபம் என்றால் 20,000 டாலர். செலவு 16,000 டாலர் என்றால், போட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றேகால் டாலர் திரும்பியது. ஆர்வத்தில் 1,500 முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதினால் 30,000 என்று வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் நிதித்துறைக்காரர் இரண்டாவது ஊரின் எண்ணைக் கேட்ட கணத்தில் அறிக்கை முழுவதும் நம்பகம் இழக்கும். அதன்பின் அவள் சொல்லும் சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சோதனைகள் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்பானிஷில் விளம்பரம் ஓடும், வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் ஸ்பானிஷ் பேச ஆளிருக்காது. விளம்பரம் காட்டும் பெரிய பொட்டலம் அந்தப் பகுதியின் சிறு கடைகளில் இருக்காது. மூன்றாம் வாரம் சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் வானொலி மற்றொன்றிலும் கேட்கும். ஆகவே தொடங்குவதற்கு முன் கடைகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது, சேவை எண்ணைத் தானே அழைத்துப் பார்ப்பது, கிடங்கில் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்று கேட்பது ஆகிய மூன்றையும் செய்ய வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரு நாள் வேலை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலதிகாரிகள் பலர் லத்தீனோ என்றாலே ஸ்பானிஷ் என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க லத்தீனோக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். பேத்தி ஆங்கிலத்தில் படம் பார்ப்பாள், பாட்டியோடு ஸ்பானிஷில் பேசுவாள், வீட்டுக்கான மளிகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். மயாமியில் கியூபா வழியினர், நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் வழியினர், லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ, எல் சால்வடோர் வழியினர் என்று ஊருக்கு ஊர் சமையலும் இசையும் அரசியலும் வேறு. மெக்சிகோ வழிப் பெண் ஒருத்தி அறையில் இருக்கிறாள் என்பதால் எல்லோர் சார்பிலும் அவளே பேச முடியாது. "இது எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியாது, மயாமியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எல்லை போட்டுச் சொல்வது அவள் சொல்லுக்கு எடை கூட்டும்.

வெற்றியில் தன் பங்கு எவ்வளவு என்று சொல்வதிலும் இதே நேர்மை வேண்டும். 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் காசு கொடுத்து விளம்பரம் செய்த முதல் கணக்கெடுப்பு. அதன் ஹிஸ்பானிக் பகுதியை யங் அண்ட் ரூபிகம் என்ற விளம்பர நிறுவனத்தின் ஹிஸ்பானிக் பிரிவான பிராவோ குழு செய்தது. அப்போது அதற்குத் தலைமை தாங்கியவர் டெய்சி எக்ஸ்போசிட்டோ-உல்லா. பின்னர் 2005-இல் நியூயார்க்கில் சொந்த ஏஜென்சி தொடங்கியவரும் அவரே. 1990-இல் ஹிஸ்பானிக் மக்களில் 4.99 விழுக்காட்டினர் கணக்கில் விடுபட்டிருந்தார்கள். 2000-இல் அது 0.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. பெரிய மாற்றம்தான், ஆனால் களப்பணியாளர்கள், சமூக அமைப்புகள், தேவாலயங்கள், பள்ளிகள் எல்லாம் அதில் கைகொடுத்தன. 2020-இல், விளம்பரம் இருந்தும், விடுபட்டோர் அளவு மீண்டும் 4.99 விழுக்காடு ஆயிற்று. பெருந்தொற்றும், கணக்கெடுப்பில் குடியுரிமையைக் கேட்பார்களோ என்ற அச்சமும் நிறைந்த காலம் அது. தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சாதனையை எழுதும் பெண் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். "விற்பனையை 30 விழுக்காடு உயர்த்தினேன்" என்ற வரியை அனுபவமுள்ளவர் நம்பமாட்டார். "நான்கு பேர் குழுவில் ஸ்பானிஷ் வானொலித் திட்டமும் அதன் அளவீடும் என் பொறுப்பு. ஒப்பீட்டு ஊரைவிட 9 விழுக்காடு கூடுதல் விற்பனை" என்ற வரிதான் நேர்காணலில் அடுத்த கேள்வியைக் கேட்கவைக்கும்.

இப்போது கூலி. 2023 வருமானக் கணக்கில், ஆண்டு முழுதும் முழுநேர வேலை பார்த்த லத்தீனாவின் இடைநிலை வருமானம், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் ஆண் வாங்கிய ஒரு டாலருக்கு 58 சென்ட். தொழில், கல்வி, ஊர் வேறுபாடெல்லாம் இதில் கலந்திருக்கிறது. என்றாலும் முதல் வேலையில் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வது ஒருத்தியின் கையில் இருக்கும் காரணம். தொடக்கத்தில் 5,000 டாலர் குறைவாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு வந்தால், பத்தாண்டில் இழப்பு ஏறக்குறைய 57,300 டாலர். குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் மூத்த மகளுக்கு இது தம்பி தங்கையின் கல்லூரிக் கட்டணம்.

பேரத்தில் சட்டம் அவள் பக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் 2023 தொடக்கம் முதலும், நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பர் முதலும் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட்டாக வேண்டும். கொலராடோ தவிர மற்ற மூன்றிலும் மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் 15 ஊழியருக்குக் குறைவாக இருந்தால் விலக்கு. கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்களில் பழைய சம்பளம் என்ன என்று வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது. கேட்டால், "இந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பை வைத்துப் பேசலாமே" என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம். எழுத்தில் வேலை உறுதி வந்தபின், வரம்பு 68,000 முதல் 85,000 வரை என்றால், இப்படிச் சொல்லலாம்: "இந்த வேலை எனக்கு வேண்டும். இரண்டு மொழியிலும் வாடிக்கையாளர் ஆய்வு செய்ய எனக்குத் தெரியும், அது இந்தப் பொறுப்பின் பாதி. 80,000 எதிர்பார்க்கிறேன்." இதைச் சொன்னபின் பேச்சை நிறுத்த வேண்டும். பதில் வருமுன் தானே குறைத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. அடிப்படைச் சம்பளம் நகரவில்லை என்றால் சேர்க்கைப் போனஸ், ஆறு மாதத்தில் மறுமதிப்பீடு, பதவிப் பெயர் என்ற வரிசையில் கேட்கலாம். எதை ஒப்புக்கொண்டாலும் எழுத்தில் வரவேண்டும்.

சக ஊழியரோடு சம்பளம் பேசுவது தவறு என்ற பயமும் பரவலாக இருக்கிறது. தனியார் துறையில் பெரும்பாலான ஊழியர்களுக்கு 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு: பிறரை வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் அதிகாரமுள்ள மேற்பார்வையாளருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே விசாரிக்க வேண்டியதை அந்தப் பதவி வருமுன் விசாரிப்பது நல்லது. ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் என்று உறுதியானால், வேலையில் பாகுபாட்டை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க மாநிலத்தைப் பொறுத்து 180 அல்லது 300 நாள்தான் அவகாசம். நிறுவனத்துக்குள் மனு கொடுத்துப் பதிலுக்குக் காத்திருக்கும்போதும் அந்த நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, கூலியில்லா வேலை. இது பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், பல பெண்களின் நேரம் இங்கேதான் கரைகிறது. "உனக்கு ஸ்பானிஷ் தெரியுமே, இதை ஒரு பார்வை பார்த்துவிடு" என்று வந்து நிற்பார்கள். ஒரு பார்வை என்பது மூன்று மணி நேரம். செய்தால் நன்றி கிடைக்கும், மதிப்பீட்டில் ஒரு வரிகூட வராது. பிழை இருந்தால் மட்டும் பெயர் வரும். மருத்துவம், காப்பீடு, கடன், போட்டி விதிமுறை போன்றவற்றில் ஒரு சொல் தவறினால் வழக்கு வரை போகும், அந்தப் பொறுப்பை ஒரு இளநிலை ஊழியர் சும்மா தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. மறுப்பதைவிட விதி வைப்பது நல்லது. மேலாளருக்கு எழுத்தில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எழுதுவது தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் அல்லது ஏஜென்சியின் வேலை. தான் செய்வது பண்பாட்டுச் சரிபார்ப்பு, அதற்கு ஐந்து வேலைநாள் வேண்டும். காலாண்டுக்கு இத்தனை மணிநேரம் என்று அது தன் இலக்குத் தாளில் சேர வேண்டும். வந்து நிற்கும் கோரிக்கைகளை ஒரு பட்டியலாக வைத்தால், ஆறு மாதத்தில் அந்தப் பட்டியலே ஒரு புதிய பதவிக்கோ ஏஜென்சி பட்ஜெட்டுக்கோ சான்றாகும்.

லத்தீனோ ஊழியர் குழுக்களும் அப்படித்தான். நட்பும் துணையும் தரும், மேலதிகாரிகளைப் பார்க்கும் வாய்ப்பும் தரும். ஆனால் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதமான செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை உணவு, இசை, பேச்சாளர் ஏற்பாடு எல்லாம் அதே மூன்று பெண்கள் தலையில் விழும். அது ஆண்டிறுதித் திட்டமிடல் நடக்கும் காலமும் கூட. குழுவில் பதவி ஏற்குமுன் கேட்க வேண்டியவை: தனி பட்ஜெட் உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு அனுமதி, மதிப்பீட்டில் சேருமா, துணைத்தலைவர் நிலையில் யார் பொறுப்பு. நான்குக்கும் இல்லை என்ற பதில் வந்தால் உறுப்பினராக இருப்பது போதும். நிகழ்ச்சி நடத்துவதைவிட, குழுவை ஒரு நுகர்வோர் ஆய்வுக் குழுவாகப் பயன்படுத்திப் புதிய பொருளைச் சோதித்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதன் பயனை விற்பனைத் துறை நேரடியாக உணரும்.

வழிகாட்டி ஒருத்தர் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அறிவுரை சொல்பவர் வேறு, அவள் இல்லாத அறையில் அவள் பெயரைச் சொல்பவர் வேறு. இரண்டாமவர் இல்லாமல் பதவி உயர்வு வருவது அரிது. லாப நட்டப் பொறுப்பு கையில் உள்ளவராக அவர் இருக்க வேண்டும். லத்தீனாவாக இருக்க வேண்டும் என்று தேடினால், மேல்நிலையில் இருக்கும் ஒரே பெண்மணியைப் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். அணுகும் முறை: அவர் பொறுப்பில் உள்ள ஒரு சிக்கலுக்கு உதவும் சிறு வேலையை முதலில் செய்து கொடுப்பது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் கேட்பது. மூன்றாவது சந்திப்பில், "அடுத்த ஆண்டு திறக்கும் பிராண்ட் மேலாளர் பதவிக்கு என்னைப் பரிந்துரைக்க உங்களுக்கு இன்னும் எது தெரிய வேண்டும்?" என்று நேராகக் கேட்பது. பொதுவாக "எனக்கு உதவுங்கள்" என்று கேட்டால் அன்பான பேச்சோடு முடிந்துவிடும்.

ஹிஸ்பானிக் சந்தையிலேயே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. அந்த வேலை முதல் கதவைத் திறக்கும். நான்கைந்து ஆண்டு தொடர்ந்தால் அதற்கு மட்டுமே உரியவள் என்ற முத்திரை விழும். இரண்டு மூன்று ஆண்டில் ஒருமுறை பொதுச் சந்தையில் விலை நிர்ணயம், புதிய பொருள் அறிமுகம், கடைக்காரர் பேரம் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டும். மரிசா சோலிஸ் பெப்சிகோவில் நெடுங்காலம் பணியாற்றி, அங்கே ஹிஸ்பானிக் வணிகப் பிரிவையும் பார்த்தவர், பிறகு அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் உலகளாவிய பிராண்ட் பொறுப்புக்கு வந்தார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோது, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 2023-இல் நடந்த நேரத்தில் லீகின் விளம்பரத்தில் நடுநாயகமாக வந்தவர் டயானா ஃப்ளோரஸ், 2022 உலக விளையாட்டுகளில் அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற மெக்சிகோ பெண்கள் ஃபிளாக் கால்பந்து (ஆளைத் தள்ளி வீழ்த்தாமல் இடுப்பிலுள்ள கொடியைப் பறிக்கும் வகை) அணியின் வீராங்கனை. தனி ஹிஸ்பானிக் விளம்பரமாக இல்லாமல், நாடு முழுதும் பார்க்கும் நேரத்தில் எல்லோருக்குமான விளம்பரமாக அது வந்தது. பொதுச் சந்தையில் முடிவெடுக்கும் நாற்காலிக்குப் போவதன் பயன் இதுதான்.

அந்த நாற்காலி இருக்கும் ஊர் எது என்பது வீட்டில் பெரிய பிரச்சினையாகும். லத்தீனோ மக்கள் செறிந்த லாஸ் ஏஞ்சலஸ், மயாமி, சான் அந்தோனியோவில் ஏஜென்சிகள் உண்டு. ஆனால் பிராண்டை முழுதாக நடத்தும் வேலை சின்சினாட்டி, மினியாபொலிஸ், சிகாகோ, டெக்சாஸின் பிளேனோ, ஆர்கன்சாவின் பென்டன்வில் போன்ற ஊர்களில் குவிந்திருக்கிறது. கல்யாணமாகாத மகள் தனியே வேறு மாநிலம் போவதைப் பல குடும்பங்கள் ஏற்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. வேலை உறுதியாவதற்கு முன்பே பேச்சைத் தொடங்குவது, அம்மாவை ஊர் பார்க்க அழைத்துச் செல்வது, எத்தனை ஆண்டு என்று சொல்வது, மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணக்குக் காட்டுவது உதவும். நிறுவனம் தரும் இடமாற்றப் பணத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: 2018 முதல் அது வரிக்குரிய வருமானம். 8,000 டாலர் என்று சொல்லி, கைக்கு வருவது ஆறாயிரத்துக்குள் இருக்கலாம். வரியையும் சேர்த்துக் கட்டுவீர்களா என்று ஒப்புக்கொள்ளுமுன் கேட்டால் பல பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்றிரண்டு ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் கடமை இருந்தாலும் ஓய்வூதியக் கணக்கை விடக் கூடாது. 60,000 சம்பளத்தில் 6 விழுக்காடு போட்டால் 3,600. நிறுவனம் அதில் பாதி போடும் திட்டமென்றால் ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதல். போடாவிட்டால் அந்தப் பணம் இல்லை. எத்தனை ஆண்டு இருந்தால் அது முழுதும் தன்னுடையதாகும் என்பதை மனிதவளத் துறையிடம் கேட்டுக்கொண்டால், வேலை மாறும் தேதியை ஓரிரு மாதம் தள்ளுவது லாபமா என்று தெரியும்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு, இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டியவை சில. 4ஏஸ் என்ற ஏஜென்சிகள் சங்கம் 1973-இல் தொடங்கிய பன்முகப் பண்பாட்டு விளம்பர இன்டர்ன்ஷிப் போல, கோடை வேலைக்குச் சம்பளம் தரும் திட்டங்களைத் தேடலாம். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பை, வீட்டில் பணம் இல்லாதவர் ஏற்பது நல்லதல்ல, அந்தக் கோடையின் கடன் மூன்று ஆண்டு துரத்தும். லாக்ரான்ட் அறக்கட்டளை விளம்பரம், மார்க்கெட்டிங், மக்கள் தொடர்பு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஹிஸ்பானிக் உதவித்தொகை நிதி 1975 முதல் இருக்கிறது. ஆல்ப்ஃபா, ப்ரோஸ்பானிக்கா போன்ற லத்தீனோ தொழில்முறை அமைப்புகளின் மாநாடுகளில் நிறுவனங்கள் நேரில் ஆள் எடுக்கின்றன. எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர் கன்சார்டியம் என்ற பட்டமேற்படிப்புக் கூட்டமைப்பைப் பார்க்கலாம். 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தபின் இத்தகைய திட்டங்கள் பலவற்றின் தகுதி விதிகள் மாறிவருகின்றன. பழைய மாணவி சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு சிறு வேலை மாதிரியும் இருந்தால் நல்லது: தன் ஊரில் லத்தீனோ குடும்பங்கள் போகும் ஒரு கடையில் ஒரு பொருளை எடுத்து, வாங்குபவர் பத்துப் பேரிடம் பேசி, எது இடறுகிறது, எதை மாற்றலாம், மாற்றியது பலித்ததா என்று எதை வைத்து அளப்போம் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதியது.